தடவிப் பார்த்தால் போதுமா? இரும்புச் சாமானின் சொரசொரப்பை அளக்கும் பாடம்



மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளுக்கு நம்ம பிள்ளைகள் பலர் வேலைக்குப் போகிறார்கள். அங்கே சோதனை மேசையில் நடக்கும் ஒரு வேலையை இந்த மாதம் தெரிஞ்சுக்குவோம்.

மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன பாறைகளில் உளித்தடம் தெரிவதைப் பார்த்திருப்பீங்க. லேத்தில் கடைந்த இரும்பிலும் இப்படித் தடம் விழும். ஆனால் ரொம்பச் சன்னமாக இருக்கும். அந்த மேடு பள்ளம்தான் சொரசொரப்பு. இதை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும். உதிரிபாகத்தின் வரைபடத்திலோ 3.2, 1.6, 0.8 என்று போட்டிருக்கும். விரலால் தடவி இதைச் சொல்ல முடியுமா?

வழவழப்பாக இருந்தால்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். அம்மி வழவழத்துப் போனால் மசாலா அரைபடாது, கொத்தச் சொல்கிறோம். என்ஜின் சிலிண்டரின் உட்சுவரிலும் ஆயில் தங்குவதற்காக மெல்லிய குறுக்குக் கோடுகள் போடுகிறார்கள். ஆனால் ஆயில் சீல் உரசும் தண்டு சொரசொரப்பாக இருந்தால் சீல் தேய்ந்து ஆயில் கசியும். எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

அளக்கும் முறை:

1. சாமானில் உள்ள ஆயில், தூசியைத் துடைக்கணும்.
2. அளவு தெரிந்த மாதிரித் தகட்டில் கருவியை முதலில் சரிபார்க்கணும். ஊசி முனை தேய்ந்திருந்தால் பள்ளத்துக்குள் இறங்காது. அளவு குறைவாகக் காட்டும்.
3. ஊசி, தடத்துக்குக் குறுக்கே போகணும். தடத்தோடு போனால் மேடு பள்ளம் சரியாகத் தெரியாது.
4. மேசை அதிராமல், இரண்டு மூன்று இடத்தில் அளந்து எல்லாவற்றையும் எழுதணும்.

கருவி காட்டும் 'ஆர்.ஏ.' என்ற எண் ஒரு சராசரி. சராசரி நமக்குப் புதுசா? ஐந்து பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டினாலும் சராசரி 100. நான்கு பேர் 20 ரூபாயும் ஒருவர் 420 ரூபாயும் கட்டினாலும் சராசரி 100தான். சேமிப்புப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுபோல ஒரே ஆழமான கீறல் சராசரிக்குள் மறைஞ்சுபோகும். கசிவு அந்தக் கீறல் வழியாகவே வரும். அதனால் உச்சிக்கும் அடிப்பள்ளத்துக்கும் உள்ள உயரத்தைச் சொல்லும் 'ஆர்.இசட்.' எண்ணையும் பார்க்கணும். கருவி வரைந்து காட்டும் கோட்டையும் பார்க்கணும்.

எண்ணை வாசிப்பது எளிது. அதன் பொருளைச் சொல்லத் தெரிந்த பிள்ளை, "இந்தச் சாமான் போகக்கூடாது" என்று காரணத்தோடு சொல்லும். வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டுங்க.

அடுத்த கூட்டத்தில் பேச:
• சராசரி மட்டும் பார்த்தால் நம்ம குழுவில் எது மறையும்?
• வீட்டில் எந்தச் சாமான் சொரசொரப்பாக இருக்கணும்? எது வழவழப்பாக இருக்கணும்? ஏன்?