கேள்வி – பதில்: கணினிக்குள் ஒரு கணினி, அதற்குள் ஒரு ரோபோ

கேள்வி: இறுதியாண்டுப் பொறியியல் படிக்கிறேன். சிறிய ரோபோ ஒன்று எங்கள் பழைய வீட்டு வளவில் தூண்களில் மோதாமல் வழி கண்டு செல்ல வேண்டும் என்பது என் புராஜெக்ட். ரோபோ வாங்க வசதியில்லாததால் கேஸிபோ என்ற மென்பொருளில் சிமுலேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பது 8 ஜி.பி. ராம் கொண்ட ஒரே லேப்டாப். கடைக் கணக்கு முழுவதும் அதில் டாலியில் இருப்பதால் விண்டோஸை அழிக்கக் கூடாது என்று அப்பச்சி சொல்லிவிட்டார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு 24.04 போட்டு, ரோபோவுக்கான ராஸ் 2 ஜாஸி மென்பொருளையும் ஏற்றினேன். கேஸிபோவைத் திறந்தால் திரை கறுப்பாக நிற்கிறது. படம் வந்தாலும் ரோபோ ஊர்கிறது. இதெல்லாம் வெறும் விளையாட்டு என்கிறார்கள் அம்மான். இந்த வேலை வி.எம். என்கிற விர்ச்சுவல் மெஷினுக்குள் நடக்குமா?
— ஒரு மாணவி, காரைக்குடி

பதில்: நடக்கும். கடைக் கணக்கு இருக்கும் இயந்திரத்தை அழித்துப் பரீட்சை செய்யக் கூடாது என்ற உங்கள் அப்பச்சியின் கட்டளையும் முற்றிலும் நியாயமானதே. விலை மதிக்கவொண்ணாத பெரிய கணினி ஒன்றை, பலர் ஏககாலத்தில், ஒவ்வொருவரும் தமக்கே தனியாக ஒன்று இருப்பதாகக் கருதி உபயோகிக்கும்படி செய்யவேண்டும் என்ற நோக்கத்துடன், 1960-களில் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் உருவாகி, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வியாபாரத்துக்கு வந்த உபாயம்தான் இன்று உங்கள் லேப்டாப்பில் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் மணமான மகனை வேறு வைக்கும்போது, வீடும் வளவும் பொதுவாக இருக்க, அறையும் அடுப்பும் அரிசி பருப்பும் மட்டும் தனியாகப் பிரிந்துவிடுகின்றன அல்லவா? வி.எம். என்பதும் அத்தகைய ஏற்பாடுதான். அங்கே பிரித்துக் கொடுத்தது குறைவானால் அங்கேதான் பட்டினி, அதிகமானால் இங்கே விண்டோஸ் திணறும். எட்டில் நான்கு ஜி.பி.யை உபுண்டுவுக்குக் கொடுங்கள். பிராசஸர் கோர்களில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். டிஸ்கில் ஐம்பது ஜி.பி.யாவது ஒதுக்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, டாலி கணக்கை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து அப்பச்சியின் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேஸிபோவைக் குறை சொல்வதற்கு முன் அஸ்திவாரத்தைச் சோதிப்பது முறை. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்டெல் பிராசஸரில் அது வி.டி.-எக்ஸ் என்றும், ஏ.எம்.டி.யில் எஸ்.வி.எம். என்றும் குறிக்கப்பட்டிருக்கும். பிறகு உபுண்டு ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையைக் கவனியுங்கள். அங்கே பச்சை நிறத்தில் ஓர் ஆமை தென்பட்டால், விண்டோஸின் ஹைப்பர்-வி அடியில் புகுந்துகொண்டு, பிராசஸரின் அந்த விசேஷ வசதியை விர்ச்சுவல்பாக்ஸ் நேரடியாகப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் ஆமை மறைந்துவிடும். அப்படியும் மறையாவிட்டால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி காரணமாக இருக்கலாம். ஆனால் கடைக் கணக்கு உள்ள இயந்திரத்தில் அந்தப் பாதுகாப்பைக் கழற்றுவதைவிட, கொஞ்சம் மந்தகதியைப் பொறுத்துக்கொள்வதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கறுப்புத் திரைக்கு வேறு காரணம் உண்டு. புதிய கேஸிபோவில் படம் வரையும் ஆக்ர் 2 என்ற பகுதி, ஓபன்ஜி.எல். 3.3 அல்லது அதற்கு மேற்பட்ட வசதியை எதிர்பார்க்கிறது, வி.எம்.முக்குள் இருப்பதோ பாவனைக் கிராபிக்ஸ் கார்டு. அது தரும் முப்பரிமாண முடுக்கம் பல சமயம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. ஆகையால் விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் 3டி ஆக்ஸிலரேஷனை எடுத்துவிட்டு, படத்தைப் பிராசஸரே வரையும்படி விட்டுவிடுங்கள். முடுக்கத்தை வைத்துக்கொண்டே முயல விரும்பினால், லிப்ஜிஎல் ஆல்வேஸ் சாஃப்ட்வேர் என்ற மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்துத் தொடங்கினாலும் அதே பலன் கிட்டும். படம் நிதானமாக வரும். ஆனால் சரியாக வரும்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். சிமுலேஷனின் ஜீவன் படத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. சக்கரம் தரையைப் பற்றுவதும், தூணில் பட்ட ஒளிக்கதிர் திரும்புவதும், மோட்டாருக்கு இட்ட கட்டளை எத்தனை தூர நகர்வாகப் பரிணமிக்கிறது என்பதும் கேஸிபோவின் சர்வர் பகுதியில் நடக்கின்றன. நாம் பார்க்கும் திரை அதிலிருந்து பிரிக்கக்கூடிய தனிப் பகுதி. உங்கள் லான்ச் கோப்பைத் திறந்து பார்த்தால் சர்வரைத் தொடங்கும் வரிகளும் திரையைத் தொடங்கும் வரிகளும் வெவ்வேறாக இருப்பதைக் காண்பீர்கள். பின்னதை நிறுத்திவிட்டு, ரோபோவின் சென்சார் காண்பதை ராஸின் காட்சிக் கருவியான ஆர்விஸில் மட்டும் பாருங்கள். சர்வரைக் கையால் தொடங்குவதானால் மைனஸ் எஸ் என்பதோடு மைனஸ் ஆர் என்பதையும் சேர்க்க மறக்கலாகாது. இல்லாவிட்டால் உலகம் முழுவதும் நிறுத்திவைத்த நிலையிலேயே இருக்கும், ரோபோ ஏன் அசையவில்லை என்று நீங்கள் இரவெல்லாம் தேடுவீர்கள். திரையை நிறுத்திய பின்னும், ஒளிக்கதிரால் தூரம் அளக்கும் லைடாருக்கும் கேமராவுக்கும் வரையும் வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கும்; அவற்றுள் கேமராவே பெரும் சுமை. ஆகவே டர்ட்டில்பாட்3 என்ற சிறு ரோபோவின் வகைகளில் கேமரா உள்ள வாஃபிளை விட்டு, லைடார் மட்டுமுள்ள பர்கரை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரோபோ ஊர்கிறது என்று வருந்துகிறீர்கள். கேஸிபோ வழக்கமாகக் காலத்தை ஒரு மில்லிசெகண்டு வீதம் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் விசைகளைக் கணக்கிடுகிறது. அதாவது ஒரு செகண்டுக்கு ஆயிரம் கணக்கு. உங்கள் இயந்திரம் அதைச் செய்துமுடிக்க மூன்று செகண்டு எடுத்துக்கொண்டால், கேஸிபோ திரையைத் திறந்து பார்க்கும்போது அதன் மூலையில் ரியல் டைம் ஃபாக்டர் 33 சதவீதம் அளவில் நிற்கும். இதில் பிழையேதும் இல்லை. அந்த உலகத்துக் கடிகாரம் மெதுவாக நடக்கிறது, அவ்வளவே. பிழை எப்போது நேர்கிறதென்றால், சிமுலேஷன் தன் கடிகாரப்படி நடக்க, வழி கண்டுபிடிக்கும் உங்கள் நிரல் சுவர்க்கடிகாரப்படி நடக்கும்போதுதான். அப்போது லைடார் செய்தி பழையது என்று ஒதுக்கப்படும், வரைபடம் கோணலாகும், குற்றமற்ற நிரலை நீங்கள் திருத்தத் தொடங்குவீர்கள். யூஸ் சிம் டைம் என்ற அமைப்பை, நோடுகள் எனப்படும் ராஸ் நிரல்கள் எல்லாவற்றிலும் ட்ரூ என்று வைத்துவிட்டால், மெதுவான இயந்திரத்திலும் விடை சரியாகவே வரும்.

இவ்வளவும் சித்தித்த பின், ஆயத்த உலகங்களை விட்டு உங்கள் வளவையே அளந்து கட்டுங்கள். அதில்தான் ருசி இருக்கிறது. பர்கரோடு ஆரம்பத்தில் வந்த லைடாரின் பார்வை சுமார் மூன்றரை மீட்டர் வரைதான். அகன்ற வளவின் நடுவே நிற்கும்போது அதற்குச் சுவர் தென்படாது, அருகிலுள்ள தூண்கள் மட்டுமே தென்படும்; அவையும் ஒரே பருமனில் ஒரே இடைவெளியில் நிற்பதால், எந்தத் தூணருகே இருக்கிறோம் என்று அது குழம்பும். பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட படியை அந்த ரோபோ ஏறாது. நம் நிலைவாசற்படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தரையோ தேய்ந்து வழவழப்பான ஆத்தங்குடிக் கல். உராய்வு எண்ணைக் குத்துமதிப்பாகப் போடாமல் அளந்துவிடலாம். தனிக் கல் ஒன்றைப் பலகைமேல் வைத்து, சக்கரம் சுழலாதபடி கட்டிய ரப்பர் டயர் வண்டி ஒன்றை அதன்மேல் நிறுத்தி, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். வண்டி வழுக்கத் தொடங்கும் கணத்தில் அந்த முனையின் உயரத்தை, அதற்கு நேர்கீழிருந்து மறுமுனை வரை உள்ள கிடைத்தூரத்தால் வகுத்தால் கிடைப்பது நிலை உராய்வு எண். அதை எடுத்துத் தரையின் எம்.யூ. மதிப்பாக எழுதினால், உங்கள் வீட்டுத் தரை கணினிக்குள் வந்துவிடும்.

இதை விளையாட்டு என்ற அம்மானுக்கு ஒரு செய்தி. 2023 ஆகஸ்டு 23-ஆம் தேதி சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3, அங்கே போகுமுன் பயின்ற மண் நம் நாமக்கல் ஜில்லாவின் மண். சித்தம்பூண்டி, குன்னமலை வட்டாரத்து அனார்த்தோசைட் பாறை சந்திரனின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், அதைப் பொடித்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, அதன்மேல் சோதனை நடத்தினார்கள். பாறையின் இனமும் பொடியின் பதமும் ஒத்திருந்தன, அதுவே வேண்டியிருந்தது. 2013 ஜூனில் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டார்ப்பா நடத்திய ரோபோப் பந்தயத்தின் முதற்கட்டமோ முழுக்க முழுக்கக் கேஸிபோவிலேயே, தொலைவிலுள்ள வாடகைக் கணினிகளில் நடந்தது. அட்லஸ் என்ற மனித உருவ ரோபோவைச் சிமுலேஷனில் திறம்பட நடத்திக் காட்டிய குழுக்களுக்கே மெய்யான அட்லஸ் கொடுக்கப்பட்டது. உங்கள் மருமகள் செய்வது அந்த ஜாதி வேலை, ஐயா. அவளுக்கு அந்த லேப்டாப்பில் இன்னொரு 8 ஜி.பி. ராம் வாங்கிப் பொருத்திக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

கேள்வி: நானும் என் நண்பனும் ஆளுக்கொரு லேப்டாப்பில் வி.எம். வைத்திருக்கிறோம். ஒரே வைஃபையில் இருந்தும் ஒருவர் ராஸ் செய்தி மற்றவருக்குப் போகவில்லையே?
— டிப்ளமோ மாணவர், தேவகோட்டை

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் தானாகத் தரும் நாட் என்ற இணைப்பில் வி.எம். உள்ளிருந்து வெளியே போகும். வெளியிலிருந்து எவரும் அதைத் தேடி உள்ளே வர முடியாது. ராஸ் 2-இல் நோடுகள் ஒன்றையொன்று மல்டிகாஸ்ட் மூலம் கூவி அழைத்தே அறிமுகமாகின்றன. எனவே இரண்டிலும் பிரிட்ஜ்ட் அடாப்டர் என்று மாற்றுங்கள். பின்பு ராஸோடு வரும் மல்டிகாஸ்ட் ரிசீவ், மல்டிகாஸ்ட் சென்ட் என்ற கட்டளைகளை ஒரு பக்கம் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். செய்தி வராவிட்டால் உங்கள் வைஃபை மல்டிகாஸ்ட்டைத் தடுக்கிறது என்று கொண்டு, இரண்டையும் லான் கேபிளில் ஒரு ஸ்விட்சோடு இணைத்துவிடலாம். இருவரும் ராஸ் டொமைன் ஐ.டி.யில் 0 முதல் 101-க்குள் ஒரே எண்ணை வைக்கவேண்டும். அதே ஆய்வகத்தில் வேறு குழு இருந்தால் அவர்கள் எண் வேறாக இருக்கட்டும், இல்லையேல் நீங்கள் இடும் கட்டளைக்கு அவர்கள் ரோபோ நகரும்.