சர்வர் மாற்றியாச்சா? ஃபோல்டர் அனுமதியைப் பாருங்கள்

விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ல் முடிந்துவிட்டது. 2016-க்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆடிட்டர் அலுவலகங்கள், அரிசி ஆலைகள், அச்சகங்கள் புது சர்வருக்கு மாறும்போது கவனிக்க:

• ஃபைல்களை வெறுமனே இழுத்துப் போட்டால் புது ஃபோல்டரின் அனுமதியே ஒட்டிக்கொள்ளும். பழைய அனுமதியும் வேண்டுமென்றால் விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையில் அதற்கான தெரிவைச் சேர்த்து நகலெடுங்கள்.

• அப்படி எடுத்தாலும், அனுமதிப் பட்டியலில் பெயருக்குப் பதில் 'எஸ்-1-5' என்று தொடங்கும் நீண்ட எண் தெரியலாம். பெரும்பாலும் பழைய சர்வரிலேயே உருவாக்கிய கணக்கு அது. புதிய சர்வரில் அதே பெயரில் கணக்கு திறந்தாலும் இரண்டும் ஒன்றாகாது. முதலில் 'கணக்குப் பிரிவு', 'பில்லிங்' என்று குழுக்கள் அமைத்து அனுமதி கொடுங்கள். பிறகு அந்த எண்ணை நீக்குங்கள். ஆள் பெயரில் கொடுக்கவே வேண்டாம். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் மாறிப் போனவரின் பெயர்கூட பழைய பட்டியலில் கிடக்கலாம்.

• நெட்வொர்க் வழியாக வருபவருக்கு ஷேர் அனுமதி, ஃபோல்டர் அனுமதி இரண்டும் பொருந்தும்; எது கடுமையோ அதுதான் செல்லும். 'சேவ் ஆகவில்லை' என்றால் இரண்டையும் பாருங்கள்.

• லினக்ஸ் சர்வரில் சாம்பா வழியாக ஃபைல் பகிர்ந்தால், பொதுவாக சாம்பாவுக்குத் தனியாகக் கடவுச்சொல் வைக்க வேண்டும்.

• அட்மின் கணக்கில் சோதித்துப் பயனில்லை. பில் போடும் ஊழியரின் கணக்கில் நுழைந்து சம்பள ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். திறந்தால், அன்றே சரிசெய்யுங்கள்.