பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள்

இதயத்துக்கு எக்கோ எடுக்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, வெறும் வயிற்றில் போகணுமா என்பதைத்தான். வேண்டாம். நெஞ்சின் மேல் கருவியை வைத்து எடுக்கிற சாதாரண எக்கோவுக்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். வழக்கமான மாத்திரைகளையும், டாக்டர் நிறுத்தச் சொல்லாதவரை, போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். கதிர்வீச்சு கிடையாது. வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பார்ப்பதும் இதே வகை ஒலியலைதான்.

எனக்கு முதல் எக்கோ எடுத்ததே கர்ப்பமாக இருந்தபோதுதான். ஆறாம் மாதத்தில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் படுக்க முடிந்தது. “புள்ளத்தாச்சின்னா அப்படித்தாம்மா இருக்கும்” என்றார் மாமியார். பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சற்று நேரம் கேட்டார். “சின்ன வயசுல தொண்டை வலி வந்து, அப்புறம் முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் அடிச்சுதா?” என்றார். அடித்திருந்தது. அந்த மூட்டுவாதக் காய்ச்சல்தான் என் இதயத்தின் மைட்ரல் வால்வைத் தடிக்கச் செய்து அதன் வாயைச் சுருக்கியிருந்தது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அதுவரை சமாளித்துவந்த சுருங்கிய வால்வு அப்போதுதான் திணறத் தொடங்கும். நம் பெண்கள் பலருக்கு இந்த நோய் தெரியவருவது இப்படித்தான். ஆகவே, கர்ப்பிணிக்குப் படுத்தால் மூச்சுத் திணறுகிறது என்றால் தயவுசெய்து வயிற்றுப் பாரம் என்று விட்டுவிடாதீர்கள்.

எக்கோ அறையில் படம் தெளிவாகத் தெரிய விளக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள். இடுப்புக்கு மேல் துணியை விலக்க வேண்டியிருக்கும் என்பதால், முன்பக்கம் பொத்தான் வைத்த மேல்சட்டை வசதி. போர்த்திக்கொள்ளத் துணி கேளுங்கள். எடுப்பவர் ஆண் என்றால் பெண் உதவியாளர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை. அது நம் உரிமை.

இ.சி.ஜி.க்காக மூன்று ஒட்டுகளை ஒட்டிவிட்டு, இடப்பக்கமாகச் சாய்ந்து இடக்கையைத் தலைக்கடியில் வைக்கச் சொல்வார்கள். அப்போது இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்கி வரும், நடுவிலிருக்கும் நுரையீரல் கொஞ்சம் விலகும். ஒலியலை காற்றைத் தாண்டிப் போகாது. ஜில்லென்று ஜெல் தடவுவதும், மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்வதும் அதனால்தான். நெஞ்செலும்பின் இடப்பக்கம், இடது மார்புக்குக் கீழே, மேல்வயிறு, தொண்டைக் குழி என்று கருவி இடம் மாறும். விலா இடுக்கில் அழுத்தும்போது வலித்தால் சொல்லிவிடுங்கள். சற்றே கோணம் மாற்றி எடுப்பார்கள். இடையில் இயந்திரத்திலிருந்து ‘உஷ், உஷ்’ என்று ரத்தம் பாயும் ஓசை கேட்கும். திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் அல்ல. கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான்.

என்னை மிகவும் பயமுறுத்தியது எடுப்பவரின் மௌனம். ஒரே இடத்தில் கருவியை வைத்துக்கொண்டு, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று மனம் அடித்துக்கொள்ளும். பிறகொரு முறை ஒரு டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டேன். “அளந்துக்கிட்டு இருக்கேன்க்கா. ஒரு துடிப்பை வச்சு எழுதக் கூடாது, நாலஞ்சு பார்த்துத்தான் சராசரி எடுக்கணும்” என்றார். அதுவும் என்னைப் போல வால்வு நோய் இருந்தால் அளக்க வேண்டியவை அதிகம். அரை மணிக்கு மேலும் ஆகலாம்.

இந்தப் பரிசோதனை பிறந்ததே என் நோயைத் தேடித்தான் என்பதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. ஸ்வீடனின் லுண்ட் நகரில், மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா கசிகிறதா என்பதை அறுவைக்கு முன்பே அறிய ஒரு வழி வேண்டுமென்று தவித்தவர் டாக்டர் இங்கே எட்லர். இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸ் அவருக்குத் துணை. உலோகத்தில் விரிசல் தேடப் பயன்படும் வகைக் கருவியை இரவல் வாங்கி, 1953 அக்டோபரில் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் போவது இ.எஃப். என்ற எண்ணுக்குத்தான். ‘பம்பிங்’ என்கிறோமே, அது. என் நாத்தனாருக்கு 62 சதவீதம் என்று வந்தபோது, மீதி 38 போய்விட்டதா என்று அழுதே விட்டார். இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தம் முழுவதையும் வெளியேற்றாது. 55 முதல் 70 வரை பொதுவாக நல்ல அளவே. ‘டிரிவியல் டி.ஆர்.’ என்று எழுதியிருப்பது, நலமாக இருப்பவர்களிடமும் காணப்படும் துளிக் கசிவு. ஆனால் ஒன்று: எக்கோ நார்மல் என்பதால் ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை என்று ஆகிவிடாது. எக்கோ பார்ப்பது தசையையும் வால்வையும். அடைப்பை நேரே பார்க்க ஆஞ்சியோகிராம் வேண்டும். நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்றால், எக்கோ நன்றாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்குப் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். அதற்கு முன், இடது மேலறையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க, உணவுக்குழாய் வழியாகக் குழாய் இறக்கி ஓர் எக்கோ. இதற்குத்தான் சில மணி நேரம் பட்டினி. தொண்டையில் மரத்துப்போக ஸ்பிரே அடிப்பார்கள், மயக்க ஊசியும் லேசாக இருக்கும். பல்செட்டைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும். மரப்பு விலகும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, புரையேறும்.

விரித்த வால்வு நாளடைவில் மறுபடி சுருங்கலாம் என்பதால் எனக்கு எக்கோ ஓயாது. இயல்பான மைட்ரல் வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர செ.மீ. அது 1.5-க்குக் கீழே வந்தால் கடுமையான சுருக்கம். ஒரே நாளில், ஒரே ரிப்போர்ட்டில், ஒரு முறையில் அளந்தால் 1.7, இன்னொரு முறையில் 1.8 என்று வரும். போன தடவை 1.8, இந்தத் தடவை 1.7 என்று பதறுவதில் பொருளில்லை. அதே முறையில் அளந்த எண், சில ஆண்டுகளாக எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். பழைய ரிப்போர்ட் இல்லாமல் அது யாருக்கும் தெரியாது. முடிந்தால் ஒரே இடத்தில் எடுங்கள். போனதும் படுக்காமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். படியேறி வந்த படபடப்பில் துடிப்பு கூடினால், வால்வின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும்.

படம் அச்சிட்ட பளபளப்பான தாள் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். வந்த அன்றே செல்போனில் படம் பிடித்து, தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஒரு பிரதி பிள்ளைகளிடமும் இருக்கட்டும்.