'விட' என்னும் சொல்

இரு பொருள்களுள் ஒன்றன் மிகுதியைக் கூற ஆங்கிலத்தார் பண்புச்சொல்லின் முன் 'மோர்' என்னும் அடையை வைப்பர்; அன்றேல் அதன் ஈற்றைத் திரிப்பர். தமிழிற் பண்புச்சொல் மாறுவதில்லை. ஒப்பீட்டின் குறி பெயரின்மேல் நிற்கும். திருவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலைகளை உடையது. 1987இல் நிறைவுற்ற திருவரங்க இராசகோபுரமோ பதின்மூன்று நிலைகளை உடையது. மம்சாபுரத்து மாணவன், "நம் கோபுரத்தைவிடத் திருவரங்கக் கோபுரம் உயர்ந்தது" என்றாற் போதும். 'அதிக உயர்ந்தது' என்பது ஆங்கிலத்தின் நிழல்.

பண்டையோர் இதனை ஐந்தாம் வேற்றுமையால், 'அதனின் உயர்ந்தது' என்றனர். 'விட' என்பது விடுதல் என்னும் வினையின் எச்சம். ஆதலின் 'ஐ' உருபை வேண்டி நிற்கும். அவ்விடத்தே ஓர் இடர் உண்டு. தந்தையொருவர் தம் மூத்த மகனுக்கு, "உன்னைவிடத் தம்பியை நான் மிகுதியாக நினைக்கிறேன்" என்று கடிதம் எழுதினார் என்க. 'தம்பியை நீ நினைப்பதினும்' என்பது அவர் கருத்து. மகனோ, 'உன்னை நினைப்பதினும்' எனக் கொண்டு உள்ளம் நோவான். இருவர்மேலும் பிழையில்லை, 'உன்னை' என்னும் அவ்வுருபு இரண்டிற்கும் இடந்தருகின்றது. "தம்பியை நீ நினைப்பதைவிட நான் மிகுதியாக நினைக்கிறேன்" என வினையையும் சேர்த்து எழுதியிருப்பின் அவன் அழுதிரான்.