மீனுக்காக வாங்கிய மாட்டுப் பண்ணை

மாட்டுப் பண்ணை வாங்கப் போகிறவர் எதையெல்லாம் பார்ப்பார்? புல் செழிப்பா, வேலி உறுதியா, எத்தனை மாடுகள் மேயும், சாலை எவ்வளவு தூரம் என்று பார்ப்பார். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தின் வடக்கே 4,000 ஏக்கருக்கும் பெரிய பண்ணை ஒன்று விலைபோனது. வாங்கியவர்கள் முதலில் பார்த்தது அங்கே ஓடும் தண்ணீர் எத்தனை டிகிரி என்பதை. பண்ணையின் பெயர் ஷாஸ்டா பிக் ஸ்பிரிங்ஸ். வாங்கியது ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. ஒரு மீனைக் காப்பாற்றுவதற்காகத்தான் இந்தச் செலவு.

அந்த வட்டாரத்தில் ஷாஸ்டா என்றொரு எரிமலை நிற்கிறது. உயரம் 4,300 மீட்டருக்கும் மேல். அதன் உச்சியில் விழும் பனி உருகி, எரிமலைப் பாறைகளின் இடுக்குகள் வழியே கீழே இறங்கி, நிலத்தடியில் பல ஆண்டுகள் மெல்ல நகர்ந்து, அடிவாரப் பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிவருகிறது. கோடையானாலும் குளிர்காலமானாலும் ஊற்றுநீர் ஏறக்குறைய 11, 12 டிகிரி செல்சியஸ்தான். பாறைகளைக் கடந்து வரும்போது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற ஊட்டச்சத்துகளையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இந்த ஊற்றுகளிலிருந்து கிளம்பும் பிக் ஸ்பிரிங்ஸ் ஓடையின் நீளம் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் கோடையில் ஷாஸ்டா ஆற்றில் ஓடும் நீரில் பெரும்பகுதி இந்தக் குட்டி ஓடை தருவதுதான். ஷாஸ்டா ஆறு கிளாமத் ஆற்றில் கலக்கிறது. கிளாமத் பசிபிக் பெருங்கடலைச் சேர்கிறது.

கடலிலிருந்து இந்த வழியாகத்தான் சால்மன் மீன்கள் முட்டையிட மேலே ஏறி வருகின்றன. 1931ஆம் ஆண்டு ஷாஸ்டா ஆற்றில் எண்ணப்பட்ட சினூக் வகைச் சால்மன்கள் மட்டும் 80,000க்கும் அதிகம். 1990இல் அந்த எண்ணிக்கை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. இடையில் என்ன நடந்தது? 1928இல் கட்டப்பட்ட டுவின்னல் அணை ஆற்றின் மேற்பகுதியை மீன்களுக்கு அடைத்துவிட்டது. பாசனத்துக்கு நீர் இறைக்கப்பட்டது. கரையெல்லாம் மாடுகள் மேய்ந்தன. சினூக்கைவிட மோசமாக அடிபட்டது அதன் உறவான கோஹோ சால்மன். இப்பகுதிக் கோஹோ 1997இல் ‘அழியும் அபாயத்தை நெருங்கும் இனம்’ என்று அமெரிக்கச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. பண்ணை வாங்கப்பட்ட அதே 2009இல் ஷாஸ்டா ஆற்றுக்குத் திரும்பி வந்த கோஹோக்களை எண்ணியபோது பத்துகூடத் தேறவில்லை.

கோஹோவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு? அதன் வாழ்க்கைக் கணக்கைப் பாருங்கள். ஷாஸ்டாவின் சினூக் குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் வசந்தத்திலேயே கடலுக்குப் புறப்பட்டுவிடும். கோஹோ குஞ்சுகள் ஓராண்டுக்கும் மேல் நன்னீரிலேயே தங்கி வளர்பவை. ஆகவே ஒரு முழுக் கோடையையும் அவை ஆற்றிலேயே தாண்டியாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கோஹோவின் ஆயுள் பெரும்பாலும் மூன்றாண்டு. இந்த ஆண்டு பிறந்தவை மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் முட்டையிட வரும். ஓர் ஆண்டின் குஞ்சுகள் மொத்தமாக மடிந்தால், மூன்றாண்டுக்குப் பின் ஆறு வெறுமையாகக் கிடக்கும். மூன்று தனித்தனிக் கயிறுகளில் தொங்கும் இனம் இது என்று நினைத்துக்கொள்ளலாம்.

மீன் குளிர்குருதி உயிரினம். தண்ணீர் சூடானால் அதன் உடலும் சூடாகும். உடல் வேதிவினைகள் வேகமெடுத்து ஆக்சிஜன் தேவை கூடும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். கடல்மட்ட அழுத்தத்தில், 12 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 10.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் 8.3 மில்லிகிராம்தான். தேவை ஏறுகிறது, வரவு இறங்குகிறது. நம் வீட்டுக் குழாய்நீரின் வெப்பத்தில் ஒரு கோஹோ குஞ்சால் பிழைத்திருக்க முடியாது.

ஊற்றில் 12 டிகிரியாகப் பிறக்கும் நீர் சில கிலோமீட்டருக்குள் எப்படிச் சூடாகிறது? இங்கேதான் மாடுகள் வருகின்றன. நீர் குடிக்கவும் நீர்த்தாவரங்களை மேயவும் அவை ஓடைக்குள் இறங்கின. கரை இடிந்தது. ஓடை அகன்று, ஆழம் குறைந்தது. நிழல் தரும் செடியும் இல்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தன்வெப்ப ஏற்புத்திறன் பற்றிப் படித்தவர்களுக்கு இது எளிது. ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பில் 800 வாட் வெயில் நான்கு மணி நேரம் விழுகிறது என்று கொள்வோம். கிடைக்கும் ஆற்றல் 800 × 4 × 3,600, அதாவது 1,15,20,000 ஜூல். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி உயர்த்த 4,200 ஜூல் வேண்டும். ஆழம் ஒரு மீட்டர் என்றால் அந்தப் பரப்பின் கீழே இருப்பது 1,000 கிலோ நீர், வெப்பநிலை 2.7 டிகிரி உயரும். ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால் 200 கிலோ நீர்தான், அப்போது 13.7 டிகிரி உயரும். 12 டிகிரி ஊற்றுநீர் கிட்டத்தட்ட 26 டிகிரி ஆகிவிடும்! உண்மையில் வெயிலின் ஒரு பங்கு எதிரொளித்துப் போகும், ஒரு பங்கு ஆவியாதலில் கழியும், நீரும் ஓரிடத்தில் நிற்காது. ஆகவே ஓடையில் இந்த எண்கள் அப்படியே வராது. ஆனாலும் ஆழம் ஐந்தில் ஒன்றானால் சூடு ஐந்து மடங்கு ஏறும் என்ற விகிதம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

சரி, வேலி போடச் சொல்லிப் பண்ணைக்காரரைக் கேட்டால் போதாதா, பண்ணையையே ஏன் வாங்க வேண்டும்? விடை சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஆற்றுநீரை எடுக்கும் உரிமை ஒரு சொத்து. ஷாஸ்டா ஆற்றில் யாருக்கு எவ்வளவு நீர் என்பதை 1932ஆம் ஆண்டின் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பங்கு பிரித்து வைத்தது. மீனுக்கு அதில் பங்கு இல்லை. பண்ணையை வாங்கினால் அதோடு சேர்ந்த நீருரிமையும் கைக்கு வரும். கலிஃபோர்னியாவின் நீர்ச் சட்டத்தில் 1707ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பாசனத்துக்கான உரிமையை, ஆற்றிலேயே நீரை விட்டுவைப்பதற்கான உரிமையாக மாற்ற அது வழிசெய்கிறது. நிலத்தை மட்டும் வாங்கி நீரை விட்டிருந்தால், அழகான புல்வெளி ஒன்று மிஞ்சியிருக்கும், மீன் மிஞ்சியிருக்காது.

வாங்கிய கையோடு ஓடையின் இருபுறமும் வேலி போட்டு, மாடுகள் நீரில் இறங்குவதைத் தடுத்தார்கள். கரையில் மரம் நட்டு நிழல் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், பலன் மெதுவாகத்தான் தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். நடந்தது வேறு. மாடு மேயாததால் சில மாதங்களிலேயே நீர்த்தாவரங்கள் ஓடை நிறைய வளர்ந்தன. ஊற்றுநீரின் ஊட்டச்சத்து அவற்றுக்கு உரமானது. அந்தத் தாவரங்கள் நீர்மட்டத்தை உயர்த்தின. ஓட்டத்தைக் குறுகிய வழிகளில் ஆழமாகச் செலுத்தின. நீரின்மேல் குடைபோல் படர்ந்து நிழலும் தந்தன. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்தபோது, கோடைப் பகலின் உச்ச வெப்பநிலை சில டிகிரி இறங்கியிருந்தது. தாவரங்களில் பூச்சிகளும் சிறு உயிரினங்களும் பெருகின. அவைதாம் மீன்குஞ்சுகளின் இரை. நிழலுக்கு நிழல், சோற்றுக்குச் சோறு.

மாடுகளை முற்றாக விரட்டிவிடவும் இல்லை. ஓடையை விட்டு விலகிய மேய்ச்சல் தொடர்ந்தது. எனக்கு இது புத்திசாலித்தனமாகவே படுகிறது. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள் உள்ள ஊரில், மாடும் மீனும் சேர்ந்து வாழலாம் என்று காட்டினால்தானே பக்கத்துப் பண்ணைக்காரர் காது கொடுப்பார்? பின்னர் இந்த நிலம் மாநில அரசின் வனவிலங்குப் பகுதி ஆனது.

இத்தனைக்கும் பிறகு ஆறு பாதுகாப்பாகிவிட்டதா என்றால், இல்லை. 2022 ஆகஸ்டில் கடும் வறட்சி. ஆற்றிலிருந்து நீர் எடுக்கக் கூடாது என்று மாநில அரசு உத்தரவிட்டிருந்தது. மாடுகளுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லி, பண்ணையாளர்களின் நீர்ச் சங்கம் ஒன்று உத்தரவை மீறிப் பம்புகளை ஓடவிட்டது. ஷாஸ்டா ஆற்றின் நீரோட்டம் சட்டென்று பாதிக்கும் கீழே விழுந்தது. ஒரு வாரம் நடந்த இந்த மீறலுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4,000 டாலர். அன்றைய சட்டத்தில் அதற்குமேல் இடமிருக்கவில்லை. பிக் ஸ்பிரிங்ஸில் எவ்வளவு நீரைச் சேமித்து விட்டாலும், கீழே ஒரு பம்பு அதை இழுத்துக்கொள்ள முடியும். ஒரு பண்ணையை வாங்கியவருக்கு அந்தப் பண்ணையின் நீர்மேல்தான் உரிமை; மீனோ ஆறு முழுதும் நீந்த வேண்டும்.

இந்த வாரச் சோதனை: ஒரே அகலமுள்ள இரண்டு வெள்ளை நிறத் தட்டங்களை எடுங்கள். ஒன்றில் 2 சென்டிமீட்டர், மற்றதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குளிர்ந்த நீர் ஊற்றி, காலை பத்து மணிக்கு வெயிலில் வையுங்கள். நண்பகல்வரை அரைமணிக்கு ஒருமுறை நீரைக் கலக்கி வெப்பநிலையைக் குறித்து, இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரையுங்கள். அடுத்த நாள், ஆழம் குறைந்த தட்டத்தின் நீரில் பாதியை இலைகளால் மூடி மீண்டும் அளந்து பாருங்கள். கோட்டின் சாய்வு எங்கே மாறுகிறது?