சங்கு ஓய்ந்த நகரம்

ஒரு நாள் இரவு வகுப்பில் மணி பார்க்கப் பழகிக்கொண்டிருந்தோம். அட்டையில் செய்த கடிகாரம். பெரிய முள்ளையும் சின்ன முள்ளையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் எங்கள் வகுப்புக்கு வருகிறார். அவர் கேட்டார்: "ஏன் தம்பி, கடிகாரம் இல்லாத காலத்திலே பட்டணத்து ஜனங்க எப்படி நேரத்துக்கு வேலைக்குப் போனாங்க?"

"அடுத்த வகுப்பில் சொல்கிறேன் பாட்டி" என்றேன். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு நகரத்தின் கதையாகவே நீண்டுவிட்டது. அந்த நகரம் மும்பை. 1995 வரை அதன் பெயர் பம்பாய்.

வயல் வேலைக்குக் கடிகாரம் தேவையில்லை. சூரியன் போதும். ஒருவர் சற்று முன்னே போவார். ஒருவர் சற்றுப் பின்னே வருவார். வேலை நின்றுவிடாது. ஆலையில் அப்படி முடியாது. ஒரே நீராவி இயந்திரம் நூற்றுக்கணக்கான தறிகளை ஓட்டும். இயந்திரம் ஓடத் தொடங்கும்போது எல்லோரும் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். அதற்காக ஆலையில் சங்கு ஊதினார்கள். சங்கு என்றால் கடல் சங்கு அல்ல. நீராவியால் கூவும் பெரிய ஊதல். மராத்தி மொழியில் அதைப் 'போங்கா' என்பார்கள். தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் அந்தச் சத்தம்தான் கடிகாரம். எழுவதும் உலை வைப்பதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான். ஆலையில் வேலை செய்யாதவர்களும் அதைக் கேட்டே நேரம் சொன்னார்கள்.

இந்த ஆலைகள் எப்படி வந்தன?

1853-இல் பம்பாயிலிருந்து தானே வரை இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. தூரம் 34 கிலோமீட்டர். பிறகு ரயில் பாதை உள்நாட்டுக்கு நீண்டது. பருத்தி மூட்டைகள் ரயிலில் துறைமுகத்துக்கு வந்தன. 1854-இல் காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் ஒரு நூற்பாலை தொடங்க ஏற்பாடு செய்தார். இரண்டு ஆண்டுகளில் அது ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்ற வணிகர்களும் ஆலை கட்டினார்கள். பரேல், லால்பாக், வொர்லி பகுதிகள் முழுவதும் ஆலைகள் ஆயின. வானத்தைத் தொடுவது போல் புகைபோக்கிகள். மக்கள் அந்தப் பகுதியைக் 'கிரண்காவ்' என்று அழைத்தார்கள். ஆலைகளின் ஊர் என்று பொருள்.

வேலைக்கு வந்தவர்கள் யார்? ரத்னகிரி, சாத்தாரா போன்ற மாவட்டங்களின் ஏழை விவசாயிகள். மழை பொய்த்தால் வயலில் ஒன்றும் கிடைக்காது. ஆண்கள் நகரத்துக்கு வந்தார்கள். மனைவியும் பிள்ளைகளும் கிராமத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெண்களும் ஆலைகளில் வேலை செய்தார்கள். நூல் சுற்றும் பிரிவில் பெண்களே அதிகம்.

தொழிலாளர்கள் தங்கிய கட்டடங்களுக்குச் 'சால்' என்று பெயர். மூன்று மாடி, நான்கு மாடி இருக்கும். வரிசையாக அறைகள். முன்னால் நீண்ட வராந்தா. கக்கூஸ் எல்லோருக்கும் பொது. 1920-களில் அரசே இப்படிப்பட்ட சால்களைக் கட்டியது. ஓர் அறை 160 சதுர அடி. அதாவது 16 அடி நீளம், 10 அடி அகலம். அதில் பல ஆண்கள் சேர்ந்து தங்கினார்கள். பகல் ஷிப்ட் ஆள் எழுந்து போவார். இரவு ஷிப்ட் ஆள் வந்து அதே இடத்தில் படுப்பார். பாய் காலியாக இருக்கும் நேரமே இல்லை!

இவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் அந்தச் சால்களில் இருந்த பெண்கள். மாதக் கணக்கில் சாப்பாடு. இந்த வேலைக்கு யாரும் மரியாதை தரவில்லை. மளிகைக் கடையில் கடன், வட்டிக்காரரிடம் கடன். 1975-இல் பிரேமா புரவ் என்ற தொழிற்சங்கப் பெண்மணி இவர்களைச் சேர்த்து அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற சங்கத்தைத் தொடங்கினார். சங்கமாகச் சேர்ந்த பிறகு வங்கியில் இவர்களுக்குக் கடன் கிடைத்தது. ஆலையின் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பெண்களை விட்டுவிடுகிறார்கள். நான் விட மாட்டேன்.

இப்போது விளக்குக்கு வருவோம். மின்விளக்கு நல்லதா, கெட்டதா? வகுப்பில் இப்படிக் கேட்டேன். "இதென்ன கேள்வி? நல்லதுதான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தொடக்கத்தில் ஆலைகள் பொழுது விடிந்தால் ஓடும், பொழுது சாய்ந்தால் நிற்கும். இருட்டில் அறுந்த இழையை எப்படிப் பார்த்து முடிவது? கோடையில் வேலை நேரம் கூடும். குளிர்காலத்தில் குறையும். சூரியன்தான் முதலாளியின் கையைப் பிடித்து நிறுத்தியது. 1905 வாக்கில் பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு வந்தது. அதன் பிறகு இருட்டு தடையாக இல்லை. ஒரு நாளைக்கு 14 மணி, 15 மணி நேரம் ஆலைகள் ஓடின. அதே ஆட்கள், அதே கால்கள். தொழிலாளர்கள் கொதித்து எழுந்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1911-இல் சட்டம் வந்தது. துணி ஆலைகளில் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது.

12 மணி நேரமே கொடுமைதான். 1922-இல் அது 11 ஆனது. 1934-இல் 10 ஆனது. சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் இப்படிக் கேட்டு வாங்கியதுதான். அதற்காக நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய்த் தொழிலாளர்களைத் திரட்டினார். 1890-இல் ஆலைகளில் ஞாயிறு விடுமுறை கிடைத்தது. விளக்கு நேரத்தைக் கூட்டியது. மனிதர்கள் சேர்ந்து நின்று அதைக் குறைத்தார்கள்.

1928-இல் இன்னொரு பிரச்சினை. நெசவாளர் ஒருவர் அதுவரை இரண்டு தறிகளைப் பார்த்தார். மூன்று தறிகளைப் பார்க்கச் சொன்னார்கள். அப்படியானால் மூன்றில் ஒருவருக்கு வேலை போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு தறிக்கு முன்பு மூன்று பேர். இனி இரண்டு பேர். அந்த ஆண்டு வேலை நிறுத்தம் ஆறு மாதம் நீடித்தது.

அடுத்தது 1982. இந்தப் பகுதியை எழுதும்போது மனம் கனக்கிறது. ஜனவரி 18-ஆம் தேதி சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். தத்தா சாமந்த் தலைமை தாங்கினார். கூலி உயர்வு கேட்டார்கள். ஒரு வருடம் கடந்தும் தீரவில்லை. "நிறுத்தம் முடிந்தது" என்று யாரும் முறையாக அறிவிக்கவே இல்லை. மெல்லக் கரைந்து போனது. பலர் கிராமத்துக்குத் திரும்பினார்கள். லட்சம் பேருக்கு மேல் வேலை போயிற்று.

நிறுத்தத்தால்தான் ஆலைகள் மூடின என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பல ஆலைகளில் இயந்திரங்கள் பழசு. முதலாளிகள் புதிதாக வாங்கவில்லை. பக்கத்தில் பிவண்டியில் விசைத்தறிகள் பெருகின. அங்கே குறைந்த கூலி, நிரந்தர வேலை கிடையாது. துணி மலிவாக வந்தது. இன்னொன்றும் உண்டு. நகரம் ஆலைகளைச் சுற்றி வளர்ந்துவிட்டது. ஆலைக்குள் நெய்த துணியைவிட ஆலையின் அடியில் இருந்த மண்ணுக்கு விலை அதிகம் ஆகிவிட்டது.

ஆலைகளின் நிலம் மொத்தம் சுமார் 600 ஏக்கர். இதை என்ன செய்வது? 1991-இல் அரசு ஒரு விதி போட்டது. நிலத்தை விற்கலாம், கட்டலாம். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு. மூன்றில் ஒரு பங்கு எளிய மக்களின் வீடுகளுக்கு. மீதி ஒரு பங்கு உரிமையாளருக்கு. 2001-இல் இந்த விதியைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்று ஆக்கினார்கள்.

சின்னத் திருத்தம்தானே என்று தோன்றும். கணக்குப் போடுவோம். ஓர் ஆலைக்கு 30 ஏக்கர் நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி பூங்காவுக்கு 10 ஏக்கர். வீடுகளுக்கு 10 ஏக்கர். அந்த 30 ஏக்கரில் காலி நிலம் 6 ஏக்கர் மட்டும் என்றால்? புதிய விதிப்படி பூங்காவுக்கு 2 ஏக்கர். வீடுகளுக்கு 2 ஏக்கர். இரண்டு முறை படித்தால்தான் அந்த வித்தியாசம் புரியும். இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2005-இல் உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் சொன்னது. 2006-இல் உச்ச நீதிமன்றம் திருத்திய விதியே செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பிறகு அந்தப் பகுதி வேகமாக மாறியது. லோயர் பரேலில் பீனிக்ஸ் ஆலை இருந்த இடம் இன்று பெரிய வணிக வளாகம். பழைய புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் அழகுக்கு விட்டிருக்கிறார்கள். கண்ணாடி மாளிகைகளில் அலுவலகங்கள். ஆலைக்காரர்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். அலுவலகக்காரர்கள் தொலைவிலிருந்து ரயிலில் வருகிறார்கள். கட்டடம் புதிது, வேலை புதிது. ரயில் நிலையத்தின் படிக்கட்டு மட்டும் பழசு. 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி காலை, மழை நேரம். எல்பின்ஸ்டோன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் கூட்டம் நெரிந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு சில மாதங்களில் ராணுவம் அங்கே புதிய நடைபாலம் கட்டிக் கொடுத்தது.

பழைய தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது? ஆலை நிலத்தில் கட்டிய வீடுகளை 2012-இல் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். சுமார் 7 ஆயிரம் வீடுகள். விண்ணப்பித்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பின்னும் சில குலுக்கல்கள் நடந்தன. 1982-இல் ஆலையில் வேலை செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும். சம்பளச் சீட்டு, ஆலை அடையாள அட்டை, வருங்கால வைப்பு நிதிக் காகிதம், இப்படி ஏதாவது ஒன்று. தொழிலாளி இறந்திருந்தால் வாரிசு காட்ட வேண்டும். முப்பது வருடம் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்த காகிதம் சிலருக்கு உதவியது. எந்தக் காகிதம் முக்கியம் என்று தெரியாமல் தூக்கிப் போட்டவர்களும் இருப்பார்கள் அல்லவா?

இதை வகுப்பில் சொல்லி முடித்தபோது பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க வீட்டுக்காரரோட சம்பளச் சீட்டு பெட்டியிலே கிடக்கு. அதிலே என்ன எழுதியிருக்குன்னு இத்தனை நாள் தெரியாது. நாளைக்கு எடுத்துட்டு வரேன். நானே படிக்கிறேன், தப்பு இருந்தா சொல்லு" என்றார்.

மறுநாள் கொண்டு வந்தார். மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. பெயர், வேலை எண், பிடித்தம் என்ற மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிடித்தம் என்றால் என்ன என்று கேட்டார். அன்றைய வகுப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லிலேயே போயிற்று.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படிக் காகிதங்கள் இருக்கும். ஒன்றை எடுத்து வந்து வகுப்பில் படித்துப் பாருங்கள். மேலே உள்ள நிலக் கணக்கையும் போடுங்கள். 45 ஏக்கர் ஆலையில் காலி நிலம் 9 ஏக்கர். பழைய விதிப்படி பூங்காவுக்கு எவ்வளவு? புதிய விதிப்படி எவ்வளவு?