விஷுவுக்கு முன்பே கொட்டிவிடும் கொன்றை

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்துச் சரக்கொன்றை இரண்டு வருடமாகப் பங்குனி முதல் வாரமே பூத்து, விஷுக்கணி வைப்பதற்குள் உதிர்ந்துவிடுகிறது. காலநிலை மாற்றம்தான் காரணமா? இன்னொன்று: காயின் உள்ளிருக்கும் புளியை மலச்சிக்கலுக்குக் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். ஐந்து வயதுப் பேரனுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: பேரனுக்கு வேண்டாம் அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் தவறில்லை. ஆயுர்வேதம் சரக்கொன்றையை ஆரக்வதம் என்று அழைத்து, மென்மையான பேதி மருந்துகளில் சேர்க்கிறது. முற்றிக் கறுத்த காயை மணலில் ஏழு நாள் புதைத்து, வெயிலில் உலர்த்தி, விதை நீக்கிச் சதையை எடுக்கச் சொல்கிறது சரக சம்ஹிதை. சதையிலுள்ள ஆந்த்ராகுவினோன் சேர்மங்கள் பெருங்குடலைத் தூண்டி மலத்தை இளக்குகின்றன. அளவு மிஞ்சினால் வயிறு முறுக்கிப் பேதியாகும். நீரும் பொட்டாசியமும் வெளியேறும். சிறு உடம்பு அதைத் தாங்காது. வீட்டில் நாம் கிள்ளி எடுக்கும் சதையின் வீரியம் காய்க்குக் காய் மாறும். கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது. பேரனுக்குத் தண்ணீரும் கீரையும் பழமும் கூட்டுங்கள். அப்படியும் சிக்கல் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். தரையில் விழும் காய்களை அவன் எடுத்துக் கடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சதை இனிக்கும் என்பதுதான் ஆபத்து.

இனி பூவுக்கு வருவோம். விஷு மேடம் ஒன்றாம் தேதி என்பது நம் கணக்கு. மரம் பார்ப்பது வெயிலையும் மண்ணின் ஈரத்தையும். மாசியில் இலை உதிர்த்து நிற்கும்போது மண் சீக்கிரம் காய்ந்து சூடேறினால் மொட்டும் முந்திக்கொள்ளும். இந்த வழக்கு நமக்குப் புதிதும் அல்ல. கார்காலத்துக்கு முன்பே பெய்த மழையை நம்பிக் கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி தலைவியைத் தேற்றும் பாட்டு குறுந்தொகையில் 66ஆவது. கோவர்த்தனார் பாடியது. எனக்கு மிகவும் பிடித்த பாட்டு.

அதற்காகக் காலநிலை மாற்றத்தை நான் தள்ளிவிடவில்லை. இரண்டு வருடத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது என்கிறேன், அவ்வளவுதான். முதல் கொத்து விரியும் நாளை ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். 'சீசன்வாட்ச்' என்ற மரக் கண்காணிப்புத் திட்டத்துக்குக் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் குறித்து அனுப்புகிறார்கள். தக்கலைக் கணக்கும் அதில் சேரட்டும்.

கணிக்குப் பூ மிஞ்ச ஒரு வழி உண்டு. கொத்தைக் கவனித்துப் பாருங்கள்: காம்படியில் பூ விரிந்திருக்கும், தொங்கும் நுனியில் மொட்டுகள் உருண்டையாக நிற்கும். மேலிருந்து கீழாகவே அது பூக்கும். மரம் முழுக்க ஒரே நாளில் கொட்டிவிடாது. நிழல் பக்கக் கிளைகள் பெரும்பாலும் பிந்தும். அங்கே நுனி மொட்டு மிஞ்சிய கொத்துகளை முந்தைய நாள் மாலையில் கத்தரியால் நறுக்கி, காம்பு நனையத் தண்ணீரில் நிறுத்துங்கள். கிளையோடு ஒடிக்காதீர்கள். கிழிந்த பட்டை வழியே பூஞ்சை ஏறும்.